ஜீப் டயரின் வரலாறும் சட்டமும்: ஹெனரத்கொடயிலிருந்து ஹைலக்ஸ் வரை



பதிவு கொஞ்சம் நீளம். டபள் கெப், ஜீப், பிராடோ வைத்திருக்கிறவர்கள், வாங்க நினைக்கிறவர்கள், அவற்றின் பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்கள் எல்லோரும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக ஊரில் ஒரு போட்டி நடக்கிறது. ஒரு தம்பி 31 அங்குல டயர் போட்டால் அடுத்த தம்பி 33 போடுகிறார். ரிம் மட்காட்டுக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வட்டைக்குப் போக, பெருநாளைக்கு அறுகம்பே மணலில் ஓட்ட என்று காரணம் சொன்னாலும் பாதி அழகுக்குத்தான். அது எல்லோருக்கும் தெரியும். "சேர், இது சட்டப்படி சரியா? பொலிஸ் பிடிக்குமா?" என்று எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் டயரைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் கேள்வி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் இலக்கங்கள் சும்மா வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சில எழுத்துகள் பல மௌத்துகளுக்குப் பிறகுதான் சட்டமாகின.

எங்கள் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரும்பாலானவை முளைக்கவேயில்லை. முளைத்தவற்றில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் இருக்கும் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் கதை அந்தச் சில ஏக்கரில்தான் ஆரம்பித்தது. ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த விஷயம் என்று பிள்ளைகள் இதைக் கடந்துவிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் உலகில் மோட்டார் வாகனமும் இல்லை, காற்றடித்த டயரும் பாவனையில் இல்லை. ரொபர்ட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1845இல் காற்றுச் சில்லுக்கு உரிமம் எடுத்திருந்தார், ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குள் ஹெனரத்கொடயில் மரங்கள் பால் சுரக்கத் தொடங்கிவிட்டன.

இனி பாதை இல்லாத இடத்தில் ஓடும் டயருக்கு வருவோம்.

ரல்ஃப் பக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியின் பெயரைப் பாடப்புத்தகத்தில் காணமாட்டீர்கள். வளைகுடாவில் வேலை செய்து, வெள்ளிக்கிழமைகளில் மணல் மேட்டில் வண்டி ஏற்றிய எங்கள் நானாமார் அத்தனை பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். 1920களின் இறுதியில் எகிப்தில் பணியாற்றிய அவர், விடுமுறையில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்ட் கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். ஒட்டகம் மட்டுமே போகும் என்று எல்லோரும் நினைத்த இடம் அது. நான்கு சில்லு இழுவை கிடையாது. அகலமான டயரும் கிடையாது. அவர்களுடைய வித்தைகளில் முக்கியமானது டயரின் காற்றைக் குறைப்பது. காற்றைக் குறைத்தால் டயர் மணலில் பரந்து படியும். நிலத்தைத் தொடும் பரப்பு நீளும். ஒரே பாரம் பெரிய பரப்பில் பரவுவதால் சில்லு புதையாது. புதைந்தால் கீழே வைத்து ஏற இரும்புத் தகடுகளும் கொண்டுபோனார்கள். 1940இல் யுத்தத்தின்போது இதே அனுபவத்தை வைத்துத்தான் அவர் நீள்தூரப் பாலைவனப் படையணியை உருவாக்கினார். மணல் எப்படி நகர்கிறது என்று 1941இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் விஞ்ஞானிகள் பாவிப்பது.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. மணலில் போக முதலில் தேவைப்பட்டது பெரிய டயர் அல்ல. இருக்கிற டயரை எப்படிப் பாவிப்பது என்ற அறிவு. அந்த அறிவுக்கு இரண்டாவது பாதியும் உண்டு: தார் வீதிக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்தால் என்ன நடக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

ஜீப் பிறந்த கதையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940இல் அமெரிக்க இராணுவம் சின்ன வண்டி ஒன்றைக் கேட்டது. பான்டம் என்ற சிறிய கம்பனி 49 நாளில் மாதிரி செய்து கொடுத்தது. வில்லிஸ், ஃபோர்ட் இரண்டும் சேர்ந்து யுத்தம் முடியுமுன் ஆறு இலட்சத்துக்கும் மேல் உற்பத்தி செய்தன. டயர் அளவு 6.00-16. அதாவது அகலம் ஆறு அங்குலம், ரிம் பதினாறு அங்குலம். இன்றைய டபள் கெப் டயரின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல். அந்த ஒல்லி டயரோடுதான் அது பர்மாவின் சேற்றிலும் இத்தாலியின் மலையிலும் ஓடியது. சேற்றில் ஒல்லியான சில்லு வெட்டிக்கொண்டு அடித்தளத்தைத் தொடும், மணலில் அகலமானது மிதக்கும். எங்கே ஓடப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரர் என்ன காட்டுகிறார் என்பது அதற்குப் பிறகு.

அந்த ஜீப் டயருக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1942இன் தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர், டச்சு இந்தியத் தீவுகள் எல்லாம் ஜப்பானின் கைக்குப் போயின. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை இறப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஒரே அடியில் நின்றுபோனது. மிஞ்சியவற்றில் முக்கியமானது இலங்கை. ஏப்ரல் 5 கொழும்பிலும் ஏப்ரல் 9 திருகோணமலையிலும் குண்டு விழுந்தபோது ஆபத்தில் இருந்தவை துறைமுகங்கள் மட்டுமல்ல. தோட்டங்களில் மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் பால் வெட்டச் சொன்னார்கள். மரம் செத்தாலும் பரவாயில்லை, இப்போது பால் வேண்டும். அமெரிக்காவில் மணிக்கு 35 மைல் என்று நாடு முழுவதும் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பெற்றோலைவிட டயரை மிச்சம் பிடிப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். டயருக்காக அரசாங்கம் வேகச் சட்டம் போட்ட காலம் அது.

யுத்தம் முடிந்த பிறகும் இறப்பர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்த இறப்பர்–அரிசி உடன்படிக்கையின்படி வருடத்துக்கு 50,000 தொன் இறப்பருக்குப் பதிலாக 270,000 தொன் அரிசி. உம்மம்மா காலத்துச் "சீன அரிசி" கதையெல்லாம் இதுதான். தோட்டத் துரைமார் லேண்ட் ரோவரில் மலை ஏறி இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவருக்கும் அதே 6.00-16 ஒல்லி டயர். 1960களில் களனியில் சோவியத் உதவியோடு அரசாங்க டயர்த் தொழிற்சாலையே வந்துவிட்டது. கன்று நட்ட நாடு டயர் செய்யும் நாடாக மாற எண்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

இதற்கிடையில் பிரான்சில் மிஷ்லின் கம்பனி 1946இல் ரேடியல் டயருக்கு உரிமம் எடுத்தது. டயர் அளவில் "265/65 ஆர் 17" என்று வருகிற அந்த "ஆர்" எழுத்து ரேடியலைத்தான் குறிக்கிறது. பழைய டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும். ரேடியலில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே இரும்புப் பட்டி சுற்றியிருக்கும். பக்கச் சுவர் இலகுவாக வளையும், மேற்பரப்பு விறைப்பாக நிற்கும். சொகுசு, ஆயுள், எரிபொருள் சிக்கனம் எல்லாம் கிடைத்தன. கூடவே ஒரு புதிய பலவீனமும் வந்தது. இரும்புப் பட்டிகளுக்கிடையில் சூடு ஏறினால் அவை ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடும்.

இப்போது பெரிய கதைக்கு வருவோம்.

1990இல் ஃபோர்ட் கம்பனி எக்ஸ்புளோரர் என்ற வண்டியை இறக்கியது. உயரமான நான்கு சில்லு இழுவை வண்டி, குடும்பத்தோடு போகலாம், காடு மேடு ஏறலாம் என்று விளம்பரம். அமெரிக்காவில் அதுபோல விற்ற வண்டி அந்தக் காலத்தில் குறைவு. டயர் கொடுத்தது ஃபயர்ஸ்டோன். டயருக்கு 26 இறாத்தல் காற்று போதும் என்று ஃபோர்ட் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது. உற்பத்திக்கு முந்திய சோதனைகளில் வண்டி திரும்பும்போது சில்லு தூக்கியது, அதைச் சமாளிக்கச் செய்தவற்றில் காற்றைக் குறைத்ததும் ஒன்று என்ற விஷயம் வழக்குகளில் வெளிவந்த உள் ஆவணங்கள் மூலம் பிறகு பேசப்பட்டது. சொகுசுக்காகத்தான் குறைத்தோம் என்றது ஃபோர்ட். பின்னர் ஃபயர்ஸ்டோன் 30 இறாத்தல் அடிக்கச் சொன்னது.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் வளையும். வளையும்போது சூடாகும். சூடான நாட்டில், நிறைந்த பாரத்தில், நெடுஞ்சாலை வேகத்தில் சூடு இன்னும் ஏறும். இரும்புப் பட்டி கழன்று டயரின் மேற்தோல் உரிந்து போகும். ஓட்டுநர் பயத்தில் ஸ்டீயரிங்கை வெட்டுவார். உயரமான வண்டி குடைசாயும்.

முதலில் இதைக் கண்டவர்கள் யார் தெரியுமா? சவூதியிலும் வளைகுடாவின் மற்ற நாடுகளிலும் இருந்தவர்கள். 1999 ஓகஸ்டில் ஃபோர்ட் அங்குள்ள எக்ஸ்புளோரர்களுக்கு இலவசமாக டயர் மாற்றிக் கொடுத்தது. மணலில் ஓட்டுவதற்காகக் காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப அடிக்காமல் நெடுஞ்சாலையில் பறக்கிறார்கள், அதனால்தான் டயர் வெடிக்கிறது என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. பக்னோல்டின் பாடத்தின் முதல் பாதி மட்டும் தெரிந்தால் நடப்பது அதுதான், மறுக்க முடியாது. ஆனால் பாலைவனத்தையே காணாத டெக்சாஸிலும் புளோரிடாவிலும் அதே டயர்கள் உரிந்துகொண்டிருந்தன. வளைகுடாவில் டயர் மாற்றிய செய்தி அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டும் என்ற சட்டமும் அப்போது இல்லை. 2000 பெப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இந்த விபத்துகளைத் தொகுத்து ஒளிபரப்பிய பிறகுதான் முறைப்பாடுகள் குவிந்தன. ஓகஸ்ட் 9ஆம் திகதி ஃபயர்ஸ்டோன் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் இந்த டயர்களோடு தொடர்புபடுத்திய மரணங்கள் 271.

இரண்டு கம்பனிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. 1906இலிருந்து தொடர்ந்த உறவு 2001இல் முறிந்தது. விசாரணையில் டயரில் குறைபாடு இருந்ததாக முடிவாயிற்று. வண்டிமீது தனியாக விசாரணை நடத்த அரசாங்கம் மறுத்துவிட்டது. யார் பக்கம் எவ்வளவு பிழை என்பதில் இன்றும் வாதம் உண்டு. எங்கள் பார்வையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. டயர் மட்டும் கெட்டிருந்தால் பஞ்சராகி வீதியோரம் நின்றிருக்கும். உயரமான வண்டி, குறைந்த காற்று, சூடு, பாரம், வேகம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் மையத்து விழுந்தது. இன்று எங்கள் ஊரில் வண்டியை மாற்றுகிற தம்பிமார் இவற்றில் எத்தனையைத் தாங்களாகவே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2000 நவம்பர் 1ஆம் திகதி அமெரிக்காவில் புதுச் சட்டம் கையெழுத்தாகியது. வெளிநாட்டில் டயரைத் திருப்பி அழைத்தாலும் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், வண்டிக்குள் காற்றுக் குறைவைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு வேண்டும் என்பவை அதிலிருந்து வந்தவை. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதிய இலகு வாகனங்களுக்கும் அந்த விளக்கு கட்டாயம். இன்று உங்கள் டாஷ்போர்டில் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அதன் பின்னால் இருப்பது இந்தக் கதை. பெரிய டயர் போட்டதும் அந்த விளக்கைக் கராஜில் கழற்றி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

வண்டி எப்போது குடைசாயும் என்பதற்கு ஒரு இலேசான கணக்கு உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பிள்ளையே செய்யலாம். இடது வலது சில்லுகளுக்கிடையிலான தூரத்தை, பாரமையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் காருக்கு 1.3இலிருந்து 1.5 வரை வரும். உயரமான ஜீப், கெப் வகைகளுக்கு 1.0இலிருந்து 1.3 வரை. எண் குறையக் குறைய இலேசாகச் சாயும். உதாரணத்துக்கு, சில்லுத் தூரம் 1,500 மில்லிமீற்றர், பாரமைய உயரம் 700 என்று வைப்போம். 1.07 வரும். வண்டியை 70 மில்லிமீற்றர் உயர்த்துங்கள், 0.97 ஆகிவிடும். மூன்று அங்குலம்கூட இல்லை.

அப்படியானால் எவ்வளவு உயர்த்தலாம்? இதற்குத் தெளிவாகப் பதில் எழுதி வைத்த நாடு அவுஸ்திரேலியா. அங்கே பாதி நாடு மண் ரோட்டு. நான்கு சில்லு இழுவை இல்லாத பண்ணை இல்லை. வண்டி மாற்றுவதை அவர்களால் தடுக்க முடியாது, அதனால் அளந்து அனுமதித்தார்கள். அவர்களுடைய தேசிய நடைமுறைக் கோவையின்படி, கம்பனி அந்த வண்டிக்குக் குறித்த மிகப் பெரிய டயரைவிட விட்டம் 50 மில்லிமீற்றருக்கு மேல் கூடக்கூடாது. அது நான்கு சில்லு இழுவை வண்டிக்கு. சாதாரணக் காருக்கு 15 மட்டுமே. ரிம்மை வெளியே தள்ளினால் இடது வலது சில்லுகளுக்கிடையிலான தூரம் 50 மில்லிமீற்றருக்கு மேல் கூடக்கூடாது. டயர் மட்காட்டைத் தாண்டி வெளியே நிற்கக்கூடாது. டயரின் பாரச் சுட்டி கம்பனி சொன்னதைவிடக் குறையக்கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் சில வித்தியாசங்கள் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான்.

இதை எங்கள் ஊரில் அதிகம் காணும் வண்டியில் போட்டுப் பார்ப்போம். பல ஹைலக்ஸ்களுக்குக் கம்பனி கொடுப்பது 265/65 ஆர் 17. முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது அங்குலத்தில் ரிம். ஆக 265இல் 65 சதவீதம் 172.25. மேலும் கீழும் என்று இரு மடங்கு 344.5. ரிம் 17 அங்குலம் 431.8. மொத்த விட்டம் 776.3 மில்லிமீற்றர்.

தம்பிமார் ஆசைப்படுவது 285/70 ஆர் 17. கணக்குப் போட்டால் 830.8. வித்தியாசம் 54.5. அவுஸ்திரேலியாவில் அது வரம்பைத் தாண்டியது. 265/70 ஆர் 17 போட்டால் 802.8, வித்தியாசம் 26.5, அங்கே பிரச்சினை இல்லை. இவ்வளவு செலவழித்து 285 போட்டால் வண்டியின் வயிறு நிலத்திலிருந்து உயர்வது எவ்வளவு? விட்டத்தின் பாதிதான், 27 மில்லிமீற்றர். ஒரு அங்குலம். பதிலுக்கு வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107இல் போகும். கம்பனி அமைத்த பிறேக்குக்கு நிறுத்த வேண்டிய சில்லு பெரிதாகவும் பாரமாகவும் மாறிவிடும். ஸ்டீயரிங்கை முழுதாக வெட்டும்போது மட்காட்டில் உரசும், அப்போது பாஸ் ஒரு கத்தியை எடுத்து மட்காட்டின் உள்புறத்தை வெட்டுவார். பழக்கமான காட்சி.

ரிம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரத்தை ஓஃப்செட் என்பார்கள். அது குறைந்தால் சில்லு வெளியே தள்ளும். பார்க்க வண்டி அகலமாக அழகாக இருக்கும். ஆனால் சில்லின் இழுவை முழுவதும் பெயாரிங்கிலும் ஸ்டீயரிங் மூட்டுகளிலும் விழும். குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் தகடு வைத்து வெளியே தள்ளுவது இன்னும் மோசம். அவுஸ்திரேலியக் கோவை அதைப் பொதுவாக ஏற்பதில்லை. ஜப்பானிலிருந்து வந்த அலோய் ரிம் என்றால் உள்பக்கம் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் ஏற்றும் கெப், லொறி வகைக்கு அதோடு டி என்ற எழுத்தும் சேரும். எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பெரும்பாலும் ரிம்மிலேயே பொறித்திருப்பார்கள். ஒன்றுமே பொறிக்காத ரிம் மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

எங்கள் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கு அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். வண்டியில் பெரிய மாற்றம் செய்ய நினைக்கிறவர்கள் கராஜுக்குப் போகுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. முகநூலில் யாரோ சொன்னதை நம்பி ஒன்றரை இலட்சத்தைக் கொட்டவேண்டாம், இந்தப் பதிவையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பதிவுச் சான்றிதழையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து ஒரு தடவை வாசியுங்கள். அவற்றில் உள்ளதற்கு மாறாக வண்டி நின்றால், பொலிஸ் கேட்காவிட்டாலும் விபத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்டுப் போகும்போது காப்புறுதிக் கம்பனி கேட்கும்.

டயர் வாங்கும்போது அளவுக்கு அடுத்ததாக ஒரு எண்ணும் எழுத்தும் வரும். உதாரணத்துக்கு 112 எஸ். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. கியூ என்றால் 160. நெல் மூடை ஏற்றுகிறவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கோடு போட்ட வடிவத்தை அல்ல. எல்.டி. என்று தொடங்கும் லொறி வகை டயருக்குச் சுவர் தடிப்பம், கல்லில் கிழியாது. ஆனால் அதே பாரத்துக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். பழைய பழக்கத்தில் பழைய அளவுக்கே காற்றடித்தால் எக்ஸ்புளோரர் கதை மறுபடி ஆரம்பமாகும். பெரிய கட்டைகளோடு வரும் சேற்று டயர் வயலுக்கு நல்லதுதான். ஆனால் மழை பெய்த தார் வீதியில் அதன் பிடி குறைவு, நிற்க அதிக தூரம் எடுக்கும். வாரத்தில் ஆறு நாள் தார் வீதி, ஒரு நாள் வட்டை என்றால் இரண்டுக்கும் பொதுவான டயரே போதும்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். பெரிய சில்லு போட்டால் வெள்ளத்தில் போகலாம் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஓடுகிற தண்ணீர் இரண்டடி உயரம் இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போய்விடும் என்று அமெரிக்க வானிலைச் சேவை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஜீப்பும் அதில் அடக்கம். அகலமான டயருக்குள் இருப்பது காற்றுத்தானே, அது வண்டியை மிதக்கத்தான் உதவும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். உழவு இயந்திரத்தின் பின்சில்லு எந்த டபள் கெப்பின் சில்லையும்விட உயரமானது.

கடைசியாகப் பாவித்த டயர் பற்றி. கொள்கலனில் வரும் பாவித்த டயர்கள் கட்டை தேயாமல் புதிதுபோல மினுங்கும். பக்கச் சுவரில் டீ.ஓ.டீ. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3819 என்றால் 2019ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது. 2000ஆம் ஆண்டுக்கு முன் மூன்று இலக்கம்தான். மூன்று இலக்கத்தோடு ஒரு டயர் இன்று உங்கள் முன்னால் வந்தால் தொடவே வேண்டாம். கட்டை நன்றாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, இறப்பர் நின்ற இடத்திலேயே முதுமையடையும். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹைன்ட்ஹெட் அருகே ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் மரணமானார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல், கட்டையில் குறையில்லை. மகனை இழந்த தாய் ஒருவர் வருடக்கணக்காகப் போராடிய பிறகு, 2021 பெப்ரவரியிலிருந்து அங்கே பஸ், லொறிகளின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயர் பாவிப்பது குற்றம்.

முழு இலக்கத்தையும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சடித்திருப்பார்கள். அது உள்பக்கம் பார்த்தபடி பூட்டியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டோர்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் வாசிக்க வேண்டும். நான்கு டயரையும், ஸ்பெயார் சில்லையும்.